நான் பிடுங்கி நட்ட எட்டுக் கம்பிகள்

பாப்பா,

மனு எழுத வாங்கி வைத்த முழுநீளத் தாளில் இதை எழுதுகிறேன். ஓரம் மடித்து, மேலே பழக்க தோஷத்தில் 'பெறுநர்' என்று போட்டுவிட்டு அப்புறம் அடித்தேன். இருபத்தேழு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுகிறானே இந்த ஆள் என்று உன் கூட இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ அந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கு விமானம் ஏறி இருபது நாள் ஆகிறது. தினமும் போனில் முகம் காட்டி, "சாப்ட்டியா நைனா, கால் வலி எப்டி கீது?" என்று கேட்கிறாய். எல்லாம் நல்லா கீது என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. உன் முகம் அந்தத் திரையில் தெரிந்தவுடனே கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். வருகிற வியாழக்கிழமை ஐந்து நாட்டுப் பிள்ளைகளும் அவரவர் ஆற்றின் கணக்கை, பயிற்சியை நடத்தும் பெரிய மேடம் முன்னால் வைக்கப் போகிறீர்கள் என்று சொன்னாய். அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆற்றில் ஒரே மாதத்தில் சேறு நான்கு விரல் ஏறியது என்று காட்டப் போகிறாயே, அப்படி ஏறவில்லை. சேற்றை அளக்க நீ நட்ட பன்னிரண்டு கம்பிகளில் எட்டைப் பிடுங்கி மறுபடி அடித்தது நான். யாருக்கும் சொல்லாமல் இருந்ததும் நான். இனி வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விடாமல் எழுதுவேன். இதை நீ அவர்களுக்கு அவர்கள் பாஷையில் மாற்றிச் சொல்ல வேண்டி வரலாம், அப்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஊருக்கு இத்தனை வருஷம் மனு எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த ஒழுங்காவது இருக்க வேண்டும்.

நீ படிப்பை முடித்தபோது மணலியில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை வந்தது. ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, வாசலுக்கே வண்டி. அதை விட்டுவிட்டு நீ இந்த ஐந்து நாட்டுத் திட்டத்தில் சேர்ந்தாய். அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "சேத்துல நிக்கறதுக்கா உன்ன இம்மாந்தூரம் படிக்க வெச்சேன்? அதுக்குத்தான் நான் கீறேனே!" என்றேன். நீ அசரவில்லை. "நீ நின்னா மனு, நான் நின்னா ஆராய்ச்சி நைனா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்காகவே நடத்தும் பயிற்சி அது என்று பிறகு எனக்கு விளக்கினாய். ஐந்து நாடு, ஐந்து முகத்துவாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பன்னிரண்டு இரும்புக் கம்பி. மாதத்தில் ஒரே நாளில் ஐந்து பேரும் அளக்க வேண்டும், மறுநாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவர் அளவை மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். கண்டல் மரமும் நண்டும் இறாலும் பிழைக்கிற சேறு எந்த ஆற்றில் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. எனக்குப் பாதி புரிந்தது. நம் ஆறு எப்படி இருக்கிறது என்று நம்மைத் தவிர வேறு யாரோ கேட்கிறார்கள் என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது. அதற்கப்புறம் உன்னைப் படகில் கொண்டுபோய் விடுவதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும். சின்னப் பிள்ளையில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து 'மேற்படி ஆற்றில்', 'மேற்படி சாம்பல்' என்று எழுத்துக் கூட்டிப் படிப்பாய். அனல் மின் நிலையத்துச் சாம்பல் நம் ஆற்றை மூடுகிறது என்பதுதான் எல்லா மனுவிலும். ஒரு முறை ஓர் அதிகாரி மனுவை முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க, ஆதாரம் எங்கே?" என்றார். நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். இப்போது இவ்வளவுதான் தண்ணீர், என் இளவயதில் அதே இடத்தில் கழுத்துவரை நின்றது என்றேன். முழங்காலையெல்லாம் ஃபைலில் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று எர்ணாவூர்வரை பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நம் ஆற்றில் யாரும் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. பாடு என்று முறை இருக்கிறது. இன்றைக்கு எந்தக் குப்பத்தின் பாடோ அவர்கள்தான் அந்த இடத்தில் கம்பு நட்டு வலை கட்டலாம். அடுத்தவர் முறை தொடங்கும்போது நம் கம்பு ஒன்றுகூட அங்கே நிற்கக் கூடாது. நின்றால் அவர்கள் பிடுங்கி எறியலாம், கூட்டத்தில் நம்மைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள். நீ கம்பி நட்ட சேற்றுத் திட்டு நம் பாடு எல்லைக்குள் இருந்தது, நம் ஊரில் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எப்போதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டுகிறவர்கள், அதனால் பல மாதம் ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஒரு மாதம் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டது. அவர்கள் முறை வரும் இரண்டு நாளும் நம் திட்டை ஒட்டிக் கட்டிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

நான் அவர்களிடம் போய், இது என் பெண்ணின் கம்பி, வலைக்கம்பு இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய வலைத் தகராறில் அவர்கள் ஊர்க் கூட்டத்தில் என்னைத் தலைகுனிய வைத்தார்கள், அவர்கள் வாசலில் போய் நிற்பதா என்று வீம்பு. நீயோ ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாய். போன் போட்டால் பதறி ஓடி வருவாய் என்று உனக்கும் சொல்லவில்லை. அவர்கள் வலை கட்டப்போகும் இடத்துக்குள் இருந்த எட்டுக் கம்பிகளை நானே பிடுங்கினேன். அந்த இடத்துக்கு வெளியே இருந்த நான்கைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை. எட்டுக் குழியிலும் அடையாளத்துக்குப் பெரிய சிப்பி ஒன்றைக் குத்தி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே குழியில், இம்மி பிசகாமல், எட்டையும் திருப்பி நட்டேன். எனக்கு அதில் பெருமை வேறு. நில அளவைக் கல் மாதிரி, இடம் மாறாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

நீ அளப்பதை நான் ஒரு நாளும் கிட்ட நின்று பார்த்ததில்லை. மிதித்தால் சேறு அமுங்கிவிடும் என்று நீ போட்ட சட்டம் அது. பலகை போட்டு நீ மட்டும் போவாய், நான் படகிலேயே பீடி இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். கம்பியின் தலையிலிருந்து சேறுவரை இருக்கும் உயரத்தைத்தான் அளக்கிறாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் கை வலைக்கம்பு அடித்துப் பழகிய கை. கொட்டாப்புளியை எடுத்தால் கம்பு ஆடாமல் நிற்கும்வரை அடிக்கும். ஆற்றில் ஆடுகிற கம்பை விட்டுவிட்டு வருகிறவன் மீனவனே இல்லை. எட்டுக் கம்பியையும் அப்படித்தான், அசையாமல் நிற்கும்வரை இறக்கினேன்.

அடுத்த அளவு நாளில் நீ பலகையின் மேலிருந்து கத்தினாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "நைனா, நாலு வெரல் ஏறிக்கீது! ஒரே மாசத்துல!" என்றாய். நீ எதை அளக்கிறாய் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கம்பி கீழே இறங்கினால் சேறு மேலே வந்த மாதிரிதானே தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ படகுக்கு வரட்டும் என்று இருந்தேன். படகுக்கு வந்ததும் வீட்டுக்குப் போகட்டும் என்று இருந்தேன். வீட்டுக்குப் போவதற்குள் நீ அதை ஐந்து நாட்டுக்கும் போனில் அனுப்பிவிட்டிருந்தாய்.

அன்று சாப்பிடும்போது நீ சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "எட்டும் ஒரே மாரி நாலு வெரல் காட்டுது. அந்தக் கடைசி நாலுதான் பழைய மாரியே நிக்குது. அது சரியில்ல நைனா. அங்க தண்ணி சேத்த அரிச்சிக்கினு போயிருக்கும்" என்றாய். உண்மையைச் சொன்ன நான்கு கம்பிகளையும் பொய்யென்று ஒதுக்கிவிட்டு, நான் கெடுத்த எட்டையும் நம்பினாய். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினேன். மறுநாள் பெரிய மேடம் திரையில் உன்னை மூன்று முறை கேட்டார்கள், யாராவது கம்பியைத் தொட்டிருப்பார்களா என்று. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நீ இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னேன் தெரியுமா? அது எங்க நைனா எடம், அங்க எவனும் கை வெக்க மாட்டான்னு சொன்னேன்" என்றாய். பெரிய மேடம் அதை ஏற்றுக்கொண்டார்கள். உன்னை நம்பி ஏற்றுக்கொண்டார்கள், நீ என்னை நம்பிச் சொன்னாய்.

பிறகு உன் கூடப் பயிற்சியில் இருந்த ஹோவா வந்தது. ஒருவர் ஆற்றை இன்னொருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் பயிற்சியின் விதி என்றாய், வியட்நாமிலிருந்து அந்தப் பெண் பத்து நாள் நம் வீட்டில் தங்கியது. சேறு அதற்குப் புதிதில்லை என்று முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, உன்னைவிட வேகமாக நடந்தது. உன் அம்மா வைத்த இறால் தொக்கைத் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு, "பேஜாரு, நைனா, பேஜாரு!" என்றதே, நான் அவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு மாலை அது தன் நோட்டை எனக்குக் காட்டியது. உன் நோட்டில் இருப்பது போலவே கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'வேறு ஏதாவது' என்று பெயர். உன் நோட்டில் அந்தக் கட்டம் முக்கால்வாசி காலி. அதனுடையதில் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதியிருந்தது. எருமை மிதித்தது. பலகை மிதந்து போனது. மூன்றாம் கம்பியில் நானே தடுக்கி விழுந்தேன், இந்த மாத அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீதான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாய். "இத்தையெல்லாம் எழுதினா திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டேன். அதனிடம் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "எழுதாம வுட்டாத்தான் திட்டுவாங்களாம்." அந்த இடத்தில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காது. காபி ஆறிவிட்டது, சூடு பண்ணி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

எட்டாம் வகுப்பில் நீ முப்பத்தொன்றை எண்பத்தொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? கணக்கு மார்க். மூன்றுக்கு இரண்டு வளைவு போட்டு எட்டாக்கியிருந்தாய். நான் அடிக்கவில்லை. கையைப் பிடித்துத் தெருவோடு இழுத்துக்கொண்டு போய், டீச்சர் முன்னால் நிறுத்தி, உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். வழியெல்லாம் அழுதாய், எல்லோரும் பார்த்தார்கள். நல்ல அப்பன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்று அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஒருவரும் இல்லை. அழுகை மட்டும் வருகிறது. அன்று உன்னைத் தெருவோடு இழுத்துப் போனதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். தனியாக அழைத்துப் போயிருக்கலாம்.

உன் அம்மாவிடம் போன மாதம்தான் சொன்னேன். கூடையை அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "கம்முனு கெட. அது இம்மாந்தூரம் போயிக்கீது. உன் வாயால அத்த கவுத்துடாத" என்றாள். சாம்பல் ஏறுவது உண்மைதானே, அதை நாம் கண்ணால் பார்க்கவில்லையா, நாலு விரல் இல்லையென்றால் ரெண்டு விரல், இதில் என்ன பாவம் என்று கேட்டாள்.  ஆறு மூடிக்கொண்டு வருவது நிஜம், பாப்பா. அதைச் சொல்ல நமக்குக் கிடைத்த ஒரே எண் பொய். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவது?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊர்த் தலைவர் மாணிக்கம் அண்ணன் முந்தாநாள் வந்தார். ஆற்றைப் பற்றிப் பெரிய விசாரணை வருகிறதாம், அதிகாரிகள் எல்லோரும் உட்காருவார்களாம். "இந்த வாட்டி நம்மகிட்ட ஆதாரம் கீதுபா! உன் பொண்ணு கண்டுபுடிச்ச நாலு வெரல மொத வரியிலயே போடு. எவன் இன்னா கேப்பான்னு பாக்கலாம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் சரி என்றேன். எதிர்த் தரப்பில் படித்தவர்கள் இருப்பார்கள். ஒரே மாதத்தில் எட்டும் துள்ள, நான்கு மட்டும் ஏன் அப்படியே நின்றன என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும். நாலு விரல் போகும், அதோடு நம் முழங்காலும் கழுத்தும் எல்லாம் பொய் என்றாகிவிடும். 'ஐயா' என்று எழுதி, அதற்குக் கீழே பேனா ஓடாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உண்மையை எழுதினால் நீ ஐந்து நாட்டின் முன்னால் தலைகுனிவாய். பொய்யை எழுதினால் ஊரே ஒரு நாள் தலைகுனியும். சும்மா இருக்கலாமென்றால் மாணிக்கம் அண்ணன் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வாசலில் வந்து நிற்கிறார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது, இருந்தாலும் அப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. ஆளை நம்பு, ஆளை நம்பி அளவை எழுதாதே. சொந்த அப்பனாக இருந்தாலும், "தொட்டியா?" என்று ஒரு வார்த்தை நேராகக் கேள். நீ அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

நேற்றுக் காலை தண்ணீர் வடிந்த நேரத்தில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனேன். நான் தொடாத அந்த நான்கு கம்பிகளும் இன்னும் நிற்கின்றன. உன் பலகையைப் போட்டு, நீ விட்டுப்போன அளவுகோலை வைத்து, நீ செய்கிற மாதிரியே மெதுவாக அளந்தேன். வீட்டுக்கு வந்து உன் பழைய நோட்டின் முதல் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். நீ நட்ட நாளிலிருந்து இன்றுவரை நான்கிலும் இரண்டு விரலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேறு ஏறியிருக்கிறது. ஒரு மாதத்தில் இல்லை, இத்தனை மாதமும் சேர்த்து. நாலு விரல் மாதிரி யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிற அளவு இல்லை அது. நான்கு கம்பி போதுமா, நான் அளந்தது அளவாகுமா, பெரிய மேடம் இதை ஏற்பார்களா, எனக்கு எதுவும் தெரியாது. உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதும் தெரியாது. 

நோட்டை மூடும் முன் அந்த மாதத்துப் பக்கத்துக்குத் திருப்பினேன். 'வேறு ஏதாவது' கட்டம் காலியாக இருந்தது. தண்ணீர் பட்டாலும் கலையாது என்று நீ பென்சிலில்தான் எழுதுவாய், நானும் உன் பென்சிலாலேயே எழுதினேன்: "எட்டுக் கம்பிகளைப் பிடுங்கி இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தேன். கடைசி நான்கைத் தொடவில்லை. இது என் பெண்ணுக்குத் தெரியாது. — நைனா." அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து இதோடு சேர்த்திருக்கிறேன். உன் அம்மா அதைப் பார்த்தாள். உன் மேசையிலிருந்து ரப்பரை எடுத்து வந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது அங்கேயேதான் இருக்கிறது. எந்த மனுவை எழுதுவது என்று நீதான் சொல்ல வேண்டும், என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ போன் செய்து, "அத்த அழிச்சுடு நைனா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் அழித்துவிடுவேன், பாப்பா. எனக்கு அந்தப் பயம்தான்.

நைனா